மதுரையிலிருந்து ஒரே நாள்: ஆண்டாள் கோயிலா, அணில் காடா?

(எபிசோடின் பேச்சு, வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

இந்த முழு எபிசோடும் ஒரே ஒரு மெசேஜுக்கான பதில்தான். மதுரையில் வேலை பார்க்கிற ஒரு நேயர் அனுப்பியிருந்தார். வாரத்துல ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. அம்மாவுக்கு ரொம்ப நாளா ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைப் பார்க்கணும்னு ஆசை. இவருக்குச் செண்பகத்தோப்புப் பக்கம் போய் அந்தச் சாம்பல் நிற அணிலைப் பார்க்கணும். தங்கச்சிக்கு ராஜபாளையம். "மூணையும் ஒரே நாள்ல முடிச்சிடலாமாண்ணா? அம்மாவுக்கு முட்டி வலி வேற இருக்கு"ன்னு கேட்டிருந்தார்.

மேப்பைப் பார்த்தா "தாராளமா முடிக்கலாமே"ன்னுதான் தோணும். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 கிலோமீட்டர். அங்கிருந்து ராஜபாளையம் சுமார் 12 கிலோமீட்டர், டவுன் பஸ்ஸே போகும். செண்பகத்தோப்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், பத்து கிலோமீட்டருக்குள்ள. எல்லாமே பக்கம் பக்கம். அப்புறம் என்ன பிரச்சனை?

பிரச்சனை தூரத்துல இல்லை, நேரத்துல இருக்கு.

ஒருநாள் பயணம்னு கிளம்பும்போது நாம பொதுவா "எத்தனை இடம்"னு எண்ணுவோம். நான் வேற மாதிரி எண்ணச் சொல்றேன். காலையில ஆறு மணிக்கு வீட்டைப் பூட்டிட்டு ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பணும்னு வச்சுக்குவோம். பதினாலு மணி நேரம். மாட்டுத்தாவணியில பஸ் ஏறினா ஸ்ரீவில்லிபுத்தூர் சேர ரெண்டு மணி நேரம் ஆகும். வீட்டிலிருந்து மாட்டுத்தாவணி வர்றதையும் பஸ்ஸுக்கு நிக்கிறதையும் சேர்த்தா ரெண்டரை, மூணு. திரும்பி வர்றதுக்கும் அதே அளவு. சாப்பாடு, டீ, பாத்ரூம், ஆட்டோ பேரம் எல்லாத்துக்கும் ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. மிச்சம் எவ்வளவு? ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரம்தான் உங்க பயணம், மத்ததெல்லாம் போக்குவரத்து.

ஜெர்மனியில முனிச் நகரத்துல இருக்கிற நம்ம பசங்க இதையே வேற விதமா கணக்குப் போடுவாங்க. அங்க பையர்ன் டிக்கெட்னு ஒண்ணு இருக்கு. அதை வாங்கினா பவேரியா மாநிலம் முழுக்க ஒரு நாளைக்கு உள்ளூர் ரயில்கள்ல ஏறி இறங்கிக்கலாம். ஆனா வார நாள்னா காலை ஒன்பது மணிக்கு மேலதான் செல்லும், வேகமான ஐசிஇ ரயில்ல ஏற முடியாது. அதனால ஒரு வழிக்கு ரெண்டு மணி நேரத்தைத் தாண்டுற ஊரை அவங்க தொடவே யோசிப்பாங்க. நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போற ஃப்யூசன் ஊர் கிட்டத்தட்ட அந்த எல்லையிலதான் இருக்கு. நமக்கு அப்படி ஒரு டிக்கெட் இல்லை, ஆனா அந்த ரெண்டு மணி நேர அளவுகோல் இங்கேயும் பொருந்தும். மதுரைக்காரங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் அந்தக் கோட்டுக்கு உள்ளே. ராஜபாளையம் கோட்டு மேலேயே. குற்றாலம் கோட்டுக்கு வெளியே. ஒரே நாள்ல குற்றாலம் போயிட்டு வந்தேன்னு பெருமையா சொல்றவங்களைப் பார்த்திருப்பீங்க. அவங்க முகத்தையும் பார்த்திருப்பீங்க.

சரி, நம்ம கையில இருக்கிற ஆறு மணி நேரத்துக்கு வருவோம். இதுல இன்னொரு சிக்கல். ஆண்டாள் கோயிலும் காடும் ரெண்டுமே காலை நேரத்தைத்தான் கேட்குது.

கோயிலை முதல்ல எடுத்துக்குவோம். பெரும்பாலான பெருமாள் கோயில்கள் மாதிரி இங்கேயும் மதியம் நடை சாத்திடுவாங்க, சாயங்காலம் நாலு மணிவாக்குலதான் திறப்பாங்க. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குப் போய் வரிசையில நின்னா, நடை சாத்துறதுக்குள்ள சன்னதி போய்ச் சேருவோமாங்கிற பதட்டத்துலயே பாதி தரிசனம் போயிடும். ஒன்பது மணிக்குள்ள கோயில் வாசல்ல இருக்கணும்னு வச்சுக்கோங்க.

அங்க இருக்கிறது ஒரு கோயில் இல்லை, ரெண்டு. ஒண்ணு வடபத்ரசாயி கோயில், இன்னொண்ணு ஆண்டாள் கோயில். ரெண்டுக்கும் நடுவுல நந்தவனம். பெரியாழ்வார் துளசிச் செடிக்குக் கீழே கோதையைக் கண்டெடுத்தார்னு சொல்லப்படுற இடம் அது. தூரத்துல பஸ்ல வரும்போதே கண்ணுக்குத் தெரியுதே, பதினோரு நிலை கோபுரம், அது வடபத்ரசாயி கோயிலோடது. 190 அடிக்கு மேல உயரம். தமிழ்நாடு அரசுச் சின்னத்துல இருக்கிற கோபுரம் இதுதான்னு ஊர்க்காரங்க எல்லாரும் சொல்லுவாங்க. இல்லை, அது மீனாட்சி அம்மன் கோயில் மேற்குக் கோபுரம்னு மதுரையில ஒரு கட்சி உண்டு. மதுரைக்காரங்க இந்த விவாதத்தை அங்க போய்த் தொடங்க வேண்டாம். பால்கோவா வாங்கிட்டு வர்ற வேலை இருக்கு.

அம்மாவோட முட்டிக்கு முக்கியமான விஷயம்: வடபத்ரசாயி சன்னதி மேல் தளத்துல இருக்கு, படி ஏறணும். ஆண்டாள் சன்னதிக்கு அந்த ஏற்றம் இல்லை. அதனால முதல்ல ஆண்டாள். அங்க ஆண்டாள், ரங்கமன்னார், கருடன் மூணு பேரும் ஒரே வரிசையில நிப்பாங்க. பெருமாளுக்கு எதிரே கைகூப்பி நிக்கிற கருடன் இங்க பக்கத்துலயே நிக்கிறது இந்தக் கோயிலோட தனி அழகு. ஆண்டாள் கையில இருக்கிற கிளியையும் கவனிங்க. அது சிலையோட பகுதி இல்லை. தினமும் பச்சை இலைகளால புதுசா செய்றது. மூக்குக்கு மாதுளம்பூ. மறுநாள் பழைய கிளியைப் பக்தர்களுக்குக் கொடுத்துடுவாங்க. ஒரு நாளைக்கு ஒரு கிளிதான், அதனால கேட்டவுடனே கிடைக்காது.

கோயிலுக்குள்ள ஒரு கிணறு இருக்கு. ஆண்டாள், பெருமாளுக்குக் கட்டின மாலையைத் தான் சூடிப் பார்த்து இந்தத் தண்ணியில அழகு பார்த்தாங்கன்னு சொல்லுவாங்க. பெயரே கண்ணாடிக் கிணறு. அந்தச் 'சூடிக் கொடுத்த' வழக்கம் இன்னும் தொடருது: சித்திரைத் திருவிழாவுல கள்ளழகர் வைகையில இறங்கும்போது போட்டிருக்கிற மாலை இங்கிருந்து போறது. திருப்பதி பிரம்மோற்சவ கருட சேவைக்கும் இங்கிருந்து மாலை போகுது. மதுரையில ஒவ்வொரு வருஷமும் ஆத்துல நின்னு அழகரைப் பார்த்துட்டு, அந்த மாலை எந்த ஊர்ல இருந்து வருதுன்னு தெரியாதவங்க நிறைய பேர் இருக்காங்க.

அம்மா உட்கார்ந்திருக்கும்போது நீங்க மண்டபத்துத் தூண்களைச் சுத்திப் பாருங்க. நாயக்கர் காலச் சிற்பங்கள். கழுத்தை அண்ணாந்து மேல பாக்கிறதுக்கும் நிறைய இருக்கு. இதுக்கு முழுசா ரெண்டு மணி நேரம் கொடுங்க. நாற்பது நிமிஷத்துல முடிச்சிட்டு வர்றதுக்கு 75 கிலோமீட்டர் வர வேண்டியதில்லை.

இப்போ காடு.

சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல அறிவிக்கப்பட்ட சரணாலயம் இது. சாதாரண அணிலை மனசுல வச்சுக்காதீங்க. வாலோட சேர்த்து அளந்தா ரெண்டடிக்கு மேல வரும். மரத்தோட உச்சிக் கிளைகள்லயே வாழும், தரைக்கு இறங்குறது அபூர்வம். இலங்கையிலயும் தென்னிந்தியாவுல சில காடுகள்லயும் மட்டும்தான் இருக்கு. 2021 பிப்ரவரியில இந்தச் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம்னு அறிவிச்சாங்க. இந்தியாவுல 51-வது, தமிழ்நாட்டுல அஞ்சாவது.

இந்தக் கடைசி வரிதான் நம்ம கதைக்கு முக்கியம். பழைய வீடியோக்கள்ல "செண்பகத்தோப்பு அருவியில ஜாலி குளியல்"னு பார்த்திருப்பீங்க. மீன்வெட்டிப் பாறைப் பக்கம், பேச்சியம்மன் கோயிலுக்கு மேல. அந்த வீடியோவை நம்பிக் கிளம்பாதீங்க. இது இப்போ புலிகள் காப்பகம். உள்ளே விடுறதா வேண்டாமா, எதுவரைக்கும் விடுறதுன்னு முடிவு செய்றது வனத்துறை. மழை, காட்டுத்தீ, யானை நடமாட்டம், எதுக்காக வேணாலும் மூடுவாங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் கேட்டுக்கோங்க. செக்போஸ்ட்ல நிக்கிறவர்கிட்ட "அண்ணே, அஞ்சு நிமிஷம்"னு கெஞ்சுறதுல அர்த்தமில்லை.

அணில் சுறுசுறுப்பா இருக்கிறது காலையிலயும் சாயங்காலமும். உச்சி வெயில்ல இலைகளுக்குள்ள படுத்திருக்கும். ஆக, கோயிலை முடிச்சிட்டுப் பன்னிரண்டரைக்கு ஆட்டோ பிடிச்சுக் காட்டுக்குப் போனா நீங்க பார்க்கப்போறது மரம். நல்ல மரம்தான், புளியும் மாவும் பெருசு பெருசா. ஆனா அணில் இருக்காது. அணிலைத்தான் பார்க்கணும்னா விடியும்போதே அங்க இருக்கணும், கத்தாம நடக்கணும், கழுத்து வலிக்க மேல பார்த்துக்கிட்டே இருக்கணும். மரக்கிளை நடுவுல பந்து மாதிரி இலைக்கூடு தெரிஞ்சா, அது கட்டின கூடு. இப்படி ஒரு காலைப் பொழுதை அம்மாவோட சேர்ந்து செலவிட முடியுமா? முட்டி வலியோட முடியாது.

அதனால அந்த நேயருக்கு என் பதில்: இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடது. காடு வேற ஒரு நாள், நண்பர்களோட, முந்தின ராத்திரியே ஸ்ரீவில்லிபுத்தூர்ல தங்கி. ரெண்டையும் ஒரே நாள்ல திணிச்சா என்ன நடக்கும்னு சொல்றேன். நீங்க காட்டுக்கு நேரமாச்சேன்னு வாட்சைப் பார்ப்பீங்க. அம்மா அதைப் பார்ப்பாங்க. "போதும்பா, கிளம்பலாம்"னு அவங்களே சொல்லிடுவாங்க. நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாரும் இப்படித்தான், விட்டுக்கொடுத்ததை வெளியே சொல்லவே மாட்டாங்க. ரொம்ப நாள் காத்திருந்து வந்த தரிசனம் அப்படி முடிய வேண்டாம்.

அப்போ தங்கச்சியோட ராஜபாளையம்? அது சுலபம். நடை சாத்துற மதிய நேரத்துக்கு ராஜபாளையம்தான் சரியான இடம். கோயிலை முடிச்சிட்டுத் திருமலை நாயக்கர் மகாலை ஒரு பார்வை பார்த்துடுங்க. மதுரையில இருக்கிற மகாலைப் பார்த்த கண்ணுக்குச் சின்னதாத் தெரியும், ஆனா கூட்டம் இருக்காது. அப்புறம் பஸ் ஏறினா அரை மணி நேரத்துல ராஜபாளையம். ரெண்டு ஊருக்கும் நடுவுல பஸ் அடிக்கடி இருக்கு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்னா 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மதுரையிலிருந்து வர்ற வெளியூர் பஸ்ஸுக்கு அது பொருந்தாது, அதைக் குழப்பிக்க வேண்டாம்.

ராஜபாளையத்துல "பார்க்கிறதுக்கு என்ன இருக்கு"ன்னு கேட்பாங்க. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம் பெருசா இல்லை. ஊரையே பார்க்கணும். பல தலைமுறைக்கு முன்னால தெலுங்கு தேசத்துல இருந்து வந்த ராஜுக்கள் குடியமர்ந்த ஊர். இன்னைக்கும் தெருவுல தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும். 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கின ராஜபாளையம் மில்ஸ்தான் பின்னால ராம்கோ குழுமமா வளர்ந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியில மருத்துவமனைக்குப் போற பேண்டேஜ் துணி நெய்றாங்க. தளவாய்புரத்துல நைட்டி தைக்கிறாங்க. உங்க வீட்டு நைட்டியும் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியும் இந்தச் சாலை வழியா வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

ஒரு இடம் மட்டும் சொல்றேன்: காந்தி கலை மன்றம். 1949-லிருந்து 1952 வரைக்கும் அப்போதைய சென்னை மாகாணத்தோட முதலமைச்சரா இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். பிறகு ஒடிசா ஆளுநராகவும் இருந்தார். தன்னோட வீட்டையே கலை மன்றத்துக்குக் கொடுத்துட்டார். முதலமைச்சரா இருந்தவர் வீடு எப்படி இருக்கும்னு நமக்கு ஒரு கற்பனை இருக்கும் இல்லையா, அதோட ஒப்பிட்டுப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கான்னு முன்னாடியே விசாரிச்சுட்டுப் போங்க.

மே, ஜூன்ல போனா மாம்பழம். மலையடிவாரத் தோப்புகள்ல விளையுற சப்பட்டைன்னு ஒரு ரகம் இந்தப் பக்கத்துச் சிறப்பு. அப்புறம் நாய். தங்கச்சி ராஜபாளையம் கேட்டதுக்குக் காரணம் இதுதான்னு நினைக்கிறேன். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நெடுநெடுன்னு கால். 2005-ல இந்திய அஞ்சல் துறை நம்ம நாட்டு நாய் இனங்களுக்கு வெளியிட்ட தபால் தலைகள்ல ராஜபாளையமும் ஒண்ணு. போய்ப் பாருங்க, தடவிக் கொடுக்க விட்டா தடவிக் கொடுங்க. ஆனா ஒருநாள் பயணத்துல குட்டி வாங்கிட்டு வராதீங்க. வேட்டைக்குன்னு வளர்த்த இனம், ஓட இடம் வேணும், அந்நியர்கள்கிட்ட எளிதில் சேராது. அந்த வெள்ளை நிறத்தோட சேர்ந்து வர்ற காது கேளாமையும் இந்த இனத்துல உண்டு. ரெண்டு ரூம் அபார்ட்மெண்ட்ல, மூணாவது மாடியில அதைக் கட்டிப்போடுறது பாவம்.

இப்போ பசங்க பக்கம் வருவோம். காட்டுக்குத் தனியா ஒரு நாள்னு சொன்னேன். ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் இருக்கு, மலையிலிருந்து ஆறு இறங்கி வர்ற இடம். ஊருக்குக் குடிதண்ணியும் அந்த மலைத் தண்ணிதான். இங்கேயும் வனத்துறை அனுமதிச்சாத்தான் போகலாம். இந்தப் பக்கம் மலையோட மழை மறைவுப் பகுதி. தென்காசி, குற்றாலத்துல ஜூன், ஜூலையில சாரல் அடிக்கும்போது இங்க வெயில் காயும். நமக்கு மழை அக்டோபர்லிருந்து டிசம்பர் வரைக்கும். ஆனா மேல மலையில பெய்யுற மழை கீழ நிக்கிற உங்களுக்குத் தெரியாது. தலைக்கு மேல வெயில் அடிச்சுக்கிட்டிருக்கும், ஓடையில தண்ணி திடீர்னு நிறம் மாறி வரும். தண்ணி கலங்குதுன்னாலே கரையேறிடுங்க. போன், செருப்பு, பை எதையும் எடுக்கத் திரும்பாதீங்க.

இதைச் சும்மா பயமுறுத்தச் சொல்லலை. வத்திராயிருப்புப் பக்கம் சதுரகிரி இருக்கே, தாணிப்பாறையிலிருந்து ஏறுறது, அங்க 2015 மே மாசம் அமாவாசைக்குப் போன பக்தர்கள் திடீர் வெள்ளத்துல சிக்கினாங்க, உயிர்ப்பலியும் நடந்தது. மே மாசம்! யாரும் வெள்ளத்தை எதிர்பார்க்கிற மாசமே இல்லை. சதுரகிரியில எந்த நாள், எத்தனை மணி வரைக்கும் ஏற விடுவாங்கங்கிற கட்டுப்பாடு அடிக்கடி மாறுது. அன்னைக்கு நிலவரம் கேட்டுட்டுத்தான் கிளம்பணும். அதோட, சதுரகிரி ஏறி இறங்கவே ஒரு நாள் முழுசா ஆகும். "காலையில சதுரகிரி, சாயங்காலம் ஆண்டாள்"னு வாட்ஸ்அப்ல ஒரு பிளான் சுத்துது. அதைப் போட்டவர் ஏறினதே இல்லைன்னு நினைக்கிறேன். மலைப் பக்கம் போகணும், ஆனா ஏற முடியாதுன்னா வத்திராயிருப்புக்குப் பக்கத்துல பிளவக்கல் அணை போங்க. வண்டியிலயே போகலாம், மலையைப் பார்த்துக்கிட்டு உட்காரலாம்.

சென்னையில இருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குத்தான் இந்த ஊர்கள் இன்னும் வசதி. எழும்பூர்லிருந்து ராத்திரி கிளம்புற பொதிகை எக்ஸ்பிரஸ் மதுரை, விருதுநகர், சிவகாசி வழியா செங்கோட்டை போகுது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ரெண்டு ஊர்லயும் நிக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறினா சனிக்கிழமை காலையில இறங்கலாம். அன்னைக்கு ராத்திரியே திரும்பற பொதிகையைப் பிடிச்சா ஞாயிறு காலை சென்னை. மதுரைக்காரருக்கு ஆறு மணி நேரம்தான் கிடைச்சது, உங்களுக்கு ஒரு முழுப் பகல் கிடைக்குது. டிக்கெட் மட்டும் முன்னாடியே எடுக்கணும், தென்காசிக்காரங்க முந்திக்குவாங்க. ஸ்டேஷன்ல இறங்கினதும் கோயில் எதிர்லயே இருக்கும்னு நினைக்காதீங்க, ஆட்டோ எடுக்கணும்.

எந்த நாள்ல போகக்கூடாது? ஆடிப்பூரம். ஆண்டாள் பிறந்த நாள், பெரிய தேர் ஓடுற நாள். தேருக்காகப் போறீங்கன்னா கண்டிப்பாப் போங்க, வாழ்க்கையில ஒரு தடவை பார்க்க வேண்டியது. நிம்மதியா சன்னதியில நிக்கணும்னா அன்னைக்கு வேண்டாம். பங்குனி உத்திரத்துல திருக்கல்யாணம், மார்கழி முழுக்க அதிகாலைக் கூட்டம். புரட்டாசி சனிக்கிழமைன்னா பக்கத்துத் திருவண்ணாமலை பெருமாள் கோயிலுக்கும் சேர்த்து ஊரே நிரம்பும். ஆமா, இங்கேயும் ஒரு திருவண்ணாமலை இருக்கு, சின்னக் குன்று. ஆட்டோக்காரர்கிட்ட "திருவண்ணாமலை"ன்னு சொன்னா சிரிக்க மாட்டார்.

கடைசியா பால்கோவா. 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. பாலும் சர்க்கரையும் மட்டும்தான், விறகடுப்புல கிண்டிக்கிட்டே இருக்கணும். கோயிலைச் சுத்தியும் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் எந்தக் கடையைப் பார்த்தாலும் "ஒரிஜினல்"னு போர்டு இருக்கும். கூட்டுறவுப் பால் சங்கத்துப் பால்கோவாவும் கிடைக்கும். எந்தக் கடையா இருந்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்க: இன்னைக்குக் கிண்டினதா, ஆறினதா. சூட்டோட டப்பாவுல அடைச்சா உள்ளே வியர்த்து, மதுரை சேர்றதுக்குள்ள சுவை மாறிடும். காலையிலேயே வாங்கி நாள் முழுக்க வெயில்ல தூக்கிட்டு அலையாதீங்க. ராஜபாளையத்துல இருந்து திரும்பும்போது பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாத்தான் வரும். அங்க இறங்கி வாங்கிட்டு அடுத்த பஸ் ஏறுங்க. அதுக்குள்ள மணி நாலரையாகியிருந்தா நடையும் திறந்திருக்கும், அம்மா இன்னொரு தடவை உள்ளே போயிட்டு வரட்டும்.